கடுக்கும் கால்களுக்கு வீட்டிலேயே மூலிகைப் பாதக் குளியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நின்றே வேலை பார்ப்பவர்கள், நெடுந்தூரம் நடந்து வந்தவர்கள், அளவு சரியில்லாத காலணியோடு ஒரு நாள் முழுக்கப் போராடியவர்கள் எல்லோரும் சாயங்காலமானால் கேட்பது ஒன்றுதான்: வெந்நீரில் எதைப் போட்டுக் காலை வைத்தால் இந்தக் கடுப்பு போகும்? அதைச் சுற்றி வரும் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே போட்டிருக்கிறேன். நான் வைத்தியம் படித்தவர் கிடையாது. பல வருஷம் நின்றே சம்பாதித்த இரண்டு கால்கள் எனக்கு உண்டு, அவ்வளவுதான்.

வலி குறைவது மூலிகையாலா, வெந்நீராலா?

பெரும்பங்கு வெந்நீரால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வரும் பதில்கள் எல்லாம் இதில்தான் நிற்கின்றன.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள், 33 மூட்டுகள், அவற்றைக் கட்டிப் பிடித்திருக்கும் தசைநார்கள் நூற்றுக்கு மேல். உடம்பின் மொத்த எடையும் அதன் மேல்தான். நடக்கும்போதாவது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து, கீழே இறங்கிய ரத்தத்தை மேலே தள்ளிவிடும். ஒரே இடத்தில் நின்றால் அந்த வேலையும் மந்தமாகிவிடுகிறது. அதனால்தான் நாலு கிலோமீட்டர் நடந்ததைவிட நாலு மணி நேரம் நின்றது அதிகமாகக் கடுக்கிறது.

வெந்நீர் பட்டதும் தோலடி ரத்தக் குழாய்கள் விரிகின்றன, இறுகிய தசை இளகுகிறது, சூட்டின் இதமான உணர்ச்சி வலியின் உணர்ச்சியைக் கொஞ்சம் அமுக்கிவிடுகிறது. இன்னொன்றை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பேசினில் காலை வைத்தவர் கால் மணி நேரம் எழுந்திருக்க முடியாது. அந்த உட்காரலே பாதி மருந்து.

அப்படியானால் மூலிகை வெறும் அலங்காரமா?

அப்படியும் தள்ளிவிட முடியாது. புதினாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குடும்பத்துச் செடிகளில், முக்கியமாக மிளகுப் புதினாவில், மெந்தால் இருக்கிறது. குளிர்ச்சியை உணர்வதற்கென்றே நரம்பு நுனிகளில் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பி ஒன்று உண்டு. மெந்தால் போய் அதைத் தட்டி எழுப்புகிறது. தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும், கால் மட்டும் 'குளிருது' என்று சொல்லும். இஞ்சி இதற்கு நேர் எதிர். மிளகாயின் காரம் எந்த ஏற்பியைத் தூண்டுகிறதோ, அதே டிஆர்பிவி1 ஏற்பியை இஞ்சியின் காரமும் தூண்டுகிறது. அதனால் இதமான சூடு இன்னும் ஒரு படி கூடியதுபோல் தோன்றும். சூட்டையும் தொடுகையையும் உடம்பு எப்படி உணர்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியான் இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

தேயிலையில் உள்ள டானின்கள் என்னும் துவர்ப்புப் பொருள்கள் தோலைக் கொஞ்சம் இறுக்கி, வியர்வையை மட்டுப்படுத்துகின்றன. லாவெண்டர், துளசி, ரோஸ்மேரி இவற்றில் பாதி வேலை மூக்கு வழியாக நடக்கிறது. ஆனால் 'மூலிகைச் சத்து உள்ளங்கால் வழியாக ஊடுருவி மூட்டுவரை போகும்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உள்ளங்கால் தோல் உடம்பிலேயே தடிமனானவற்றில் ஒன்று. அதன் வேலையே எதையும் உள்ளே விடாமல் இருப்பது.

என்னென்ன தேவை?

இரண்டு பாதமும் விரல் மடங்காமல் தட்டையாக உட்காரும் அகலமான பேசின் ஒன்று. உயரம் கணுக்காலை மூட வேண்டும். வாளி வேண்டாம், கால்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும், சாய்ந்தாலும் சாய்ந்துவிடும். அப்புறம் மூடியுள்ள ஒரு பாத்திரம், வடிகட்டி, இரண்டு துண்டுகள். ஒரு துண்டு பேசினுக்கு அடியில், ஒன்று மடியில். அடியில் விரிப்பதை மறந்தால் ஈரக் காலோடு வழுக்கும் தரையில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும்.

நாற்காலி முக்கியம். முழங்கால் செங்குத்தாக மடியும் உயரத்தில் இருந்தால் போதும். தாழ்வான முக்காலியில் உட்கார்ந்தால் கால்வலி போய் இடுப்புவலி வரும்.

தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்?

37 முதல் 40 டிகிரி செல்சியஸ். உடம்புச் சூட்டுக்குச் சமம், அல்லது ஓரிரண்டு டிகிரி மேலே. வெந்நீர் என்றதும் ஆவி பறக்க வேண்டும் என்று நினைக்கிறோம். ஆவி பறக்கும் தண்ணீரில் கால் வைத்தால் இதம் கிடைக்காது, கொப்புளம்தான் கிடைக்கும். 60 டிகிரி தண்ணீர் சில நொடிகளிலேயே ஆழமான தீப்புண்ணை உண்டாக்கிவிடும்.

வெப்பமானி இருந்தால் வையுங்கள். இல்லாவிட்டால் முழங்கையை நனைத்துப் பாருங்கள். விரல் நுனிகளை நம்பக் கூடாது, அடுப்படியில் பழகிப் பழகி அவை மரத்துப்போயிருக்கும். எனக்கு ஒருமுறை இது புத்தி புகட்டியது. கையை விட்டுப் பார்த்து 'சரியாகத்தான் இருக்கிறது' என்று இரண்டு காலையும் ஒரேயடியாக இறக்கினேன். உள்ளங்கால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மேற்பாதத்தின் மெல்லிய தோல் சிவந்து, மறுநாள் செருப்பு வார் பட்ட இடமெல்லாம் எரிந்தது. அதிலிருந்து முதலில் ஒரு குதிகால், பிறகு மீதி.

ஒரு சின்னக் கணக்கு உதவும். குழாய்த் தண்ணீர் 28 டிகிரியில் 4 லிட்டர், அதில் 80 டிகிரியில் இருக்கும் கஷாயம் 1 லிட்டர் சேர்த்தால், கலவை கிட்டத்தட்ட 38 டிகிரிக்கு வந்து நிற்கும். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருந்தால் கொஞ்சம் வெந்நீர் கூடுதலாக வேண்டும். எப்போதும் பச்சைத் தண்ணீர் முதலில், கஷாயம் பிறகு. மாற்றிச் செய்தால் குழந்தை யாராவது நடுவில் கையை விடும் ஆபத்து இருக்கிறது. கால் உள்ளே இருக்கும்போது மேலே வெந்நீர் ஊற்றவே கூடாது. ஆறிவிட்டதென்றால் காலை வெளியே எடுத்துவிட்டு ஊற்றிக் கலக்கிப் பார்த்து, பிறகு வையுங்கள்.

கஷாயம் எப்படிப் போடுவது? இலையை அப்படியே பேசினில் போட்டால் ஆகாதா?

போடலாம், பார்க்க அழகாக இருக்கும், பிரயோஜனம் குறைவு. 38 டிகிரித் தண்ணீரில் இலை தன்னிடம் உள்ளதைச் சீக்கிரம் விடாது. தனியாகச் சாறு இறக்கிக் கலப்பதுதான் முறை.

இலை, பூ என்றால் கொதிக்க வைக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்து, அதில் பச்சிலை இரண்டு கைப்பிடி அல்லது காய்ந்தது ஒரு கைப்பிடி போட்டு உடனே மூடிவிடுங்கள். 10 முதல் 15 நிமிடம். மூடுவது சும்மா சம்பிரதாயத்துக்கு இல்லை. வாசனை தரும் எண்ணெய்கள் ஆவியோடு ஆவியாகப் பறந்துவிடும் ரகம். புதினாவைப் போட்டு மூடிய பாத்திரத்தைப் பத்து நிமிடம் கழித்துத் திறந்து பாருங்கள். இலை பளிச்சென்ற பச்சை போய் இராணுவ உடைப் பச்சைக்கு வந்திருக்கும், தண்ணீர் வெளுத்த தேநீர் நிறத்தில் இருக்கும், மூடியின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருக்கும். அந்தத் துளிகளை முகர்ந்தால் தெரியும், வாசனையில் பாதி அங்கேதான் ஏறியிருக்கிறது. மூடியைப் பாத்திரத்துக்குள்ளேயே தட்டிவிடுங்கள்.

இஞ்சி, மஞ்சள், பட்டை போன்ற கெட்டிச் சரக்குகளுக்கு இந்த முறை போதாது. நசுக்கிப் போட்டு, சிறு தீயில் 15, 20 நிமிடம் கொதிக்க விட வேண்டும். இரண்டையும் சேர்க்க நினைத்தால் முதலில் இஞ்சியைக் கொதிக்க விட்டு, அடுப்பை அணைத்த பிறகு இலையைப் போட்டு மூடுங்கள்.

அப்புறம் வடிகட்டுங்கள். வடிகட்டாமல் ஊற்றினால் இலைத் துணுக்கு விரல் இடுக்கில் போய் ஒட்டிக்கொள்ளும், ரோஸ்மேரி ஊசி மாதிரி குத்தும்.

எந்தத் தொல்லைக்கு எந்த மூலிகை?

நான் பயன்படுத்துவதைச் சொல்கிறேன். அளவெல்லாம் 5 லிட்டர் தண்ணீருக்கு.

உள்ளங்கால் திகுதிகுவென்று எரிகிற நாளில் புதினா மட்டும் இரண்டு கைப்பிடி. தண்ணீரையும் வழக்கத்தைவிடக் குறைவான சூட்டில், 32, 33 டிகிரியில் வைத்துக்கொள்வேன். பாதம் பனிக்கட்டியாகி விறைத்துப்போகும் நாளில் கட்டைவிரல் நீளத்துக்கு இரண்டு துண்டு இஞ்சி. அதற்கு மேல் போனால் தோல் எரிய ஆரம்பிக்கும். அடித்துப் போட்ட மாதிரி தசை கனக்கிற நாளில் ரோஸ்மேரி அல்லது நொச்சி இலை. இரண்டின் வாசனைக்கும் மூச்சு தானாக ஆழமாகிறது.

தூக்கத்துக்கு முன் என்றால் லாவெண்டர், சாமந்தி வகையைச் சேர்ந்த கெமோமில். கெமோமில் பயன்படுத்துபவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். சாமந்தி, சூரியகாந்தி குடும்பப் பூக்கள் ஒவ்வாதவர்களுக்கு இதுவும் அரிக்கும். வேப்பிலை தோலுக்கு நல்லதென்று நிறைய பேர் போடுகிறார்கள். எனக்கு அந்த வாசனை ஒத்துவராது, அதனால் புகழவும் இல்லை, இகழவும் இல்லை.

மஞ்சளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதிலுள்ள குர்குமின் தண்ணீரில் லேசில் கரையாது, ஆனால் கறை மட்டும் தாராளமாகப் பிடிக்கும். தாராளமாக இரண்டு கரண்டி அள்ளிப் போட்ட ஒரு நாளில் எனக்கு மிஞ்சியது மஞ்சள் நகம் பத்து, மஞ்சள் பேசின் ஒன்று, வெள்ளையாக இருந்த துண்டு ஒன்று. இப்போது போடுவதில்லை.

எப்சம் உப்பு அவசியமா? கல்லுப்பு போதாதா?

எப்சம் உப்பு என்பது மக்னீசியம் சல்பேட். இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரின் கசப்பு ஊற்றிலிருந்து 17-ஆம் நூற்றாண்டில் எடுக்கத் தொடங்கியதால் அந்தப் பெயர். சாப்பாட்டு உப்புக்கும் அதற்கும் பொருளளவில் சம்பந்தமே இல்லை. மக்னீசியம் தோல் வழியாக ஏறித் தசையைத் தளர்த்துகிறது என்பதுதான் விளம்பரம். அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. ஆனால் அரை கப் போட்டால் தண்ணீர் வழவழப்பாகி, தடித்த தோல் மிருதுவாகும். அந்த சுகம் உண்மைதான். இல்லையென்றால் குடி முழுகிவிடாது, கல்லுப்பு ஒரு கைப்பிடி போடுங்கள். தோல் ஏற்கெனவே வறண்டு வெடித்திருந்தால் எந்த உப்பும் வேண்டாம், மேலும் உலர்த்தும்.

எண்ணெய்த் துளிகள் போடலாமா?

போடலாம், ஆனால் நேராகத் தண்ணீரில் விடக் கூடாது. லாவெண்டர் எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், தேயிலை மர எண்ணெய் (டீ ட்ரீ ஆயில்) எதுவும் தண்ணீரில் கரையாது. மேலே மிதந்து, கால் இறங்கும்போது கணுக்காலைச் சுற்றி அடர்த்தியாக அப்படியே ஒட்டிக்கொள்ளும். தோல் சிவந்து எரிவது இதனால்தான். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயிலோ நல்லெண்ணெயிலோ 4, 5 சொட்டுக் கலந்து ஊற்றுங்கள். அதிகம் வேண்டாம். கால் வழுக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய சீசாவை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். தேயிலை மர எண்ணெய் காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை உண்டாக்கும் தன்மை கூடுகிறது. வீட்டில் பூனை, நாய் இருந்தால் அந்த எண்ணெயையே தவிர்த்துவிடுங்கள். அவற்றுக்கு அது நஞ்சு, பேசின் தண்ணீரை நக்கிப் பார்க்காத பூனையும் கிடையாது.

எத்தனை நிமிடம்? விரல் சுருங்கினால் நிறுத்த வேண்டுமா?

15 நிமிடம் போதும். 20 ஆனால் தாராளம். அதற்கு மேல் ஊறினால் தோலின் இயற்கை எண்ணெய்ப்பசை கரைந்து, எழுந்த பிறகு கால் முன்னைவிட வறண்டு போகும்.

விரல் சுருங்குவதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. தோல் தண்ணீரைக் குடித்து ஊதிப் போவதால் சுருங்குகிறது என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். ஆனால் நரம்பு அறுபட்ட விரல் தண்ணீரில் சுருங்குவதில்லை என்று 1930-களிலேயே மருத்துவர்கள் கவனித்துவிட்டார்கள். நரம்பு உத்தரவு போட்டு ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, மேலே தோல் மடிகிறது, விஷயம் அவ்வளவுதான்.

தினமும் செய்யலாமா?

வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் என்றால் செய்யலாம். உப்பு, வினிகர், சமையல் சோடா சேர்ப்பதாக இருந்தால் வாரம் இரண்டு, மூன்று முறைக்கு மேல் வேண்டாம். சமையல் சோடாவை நான் சிபாரிசு செய்வதே இல்லை. தோல் இயல்பாகவே லேசான அமிலத்தன்மை உள்ளது, அமில-கார அளவான பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும் (7 என்றால் நடுநிலை, அதற்கு மேல் காரம்). சோடா கரைத்த தண்ணீர் 8-ஐத் தாண்டும். தோல் தனக்குப் போட்டு வைத்திருக்கும் காவலை நாமே கலைத்துவிட்டது போல ஆகும்.

காலை எடுத்த பிறகு என்ன செய்வது?

உள்ளே என்ன போட்டோம் என்பதைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறைய பேர் காலை உதறிவிட்டுச் செருப்பில் நுழைத்துவிடுகிறார்கள்.

மடியில் இருக்கும் துண்டை எடுத்து, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு துண்டின் முனையை ஒவ்வொரு விரல் இடுக்கிலும் நுழைத்து ஈரத்தை எடுக்க வேண்டும். நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்குதான் எப்போதும் ஏமாற்றும். அங்கே விரல்கள் நெருங்கிக் கிடப்பதால் துண்டு போனது மாதிரி இருக்கும், போயிருக்காது. சேற்றுப்புண் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான்.

துடைத்த சில நிமிடங்களுக்குள், தோலில் ஈரப்பசை மிச்சமிருக்கும்போதே, கிரீமோ எண்ணெயோ தடவுங்கள். குதிகாலுக்கும் பாதத்துக்கும் மட்டும், விரல் இடுக்கில் வேண்டாம். பித்தவெடிப்பு இருப்பவர்களுக்கு யூரியா கலந்த கிரீம் வேலை செய்யும். ஊறிய தோலில் நுரைக்கல்லை (பியூமிஸ் கல்) லேசாகத் தேய்க்கலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கும் ஆவேசம் வேண்டாம். கால் ஆணியை பிளேடால் சீவுவது கூடவே கூடாது.

அப்புறம் பத்து நிமிடம் படுத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள். சூட்டில் விரிந்த குழாய்களிலிருந்து ரத்தம் திரும்ப அது உதவும்.

வெந்நீரும் குளிர்நீரும் மாற்றி மாற்றி வைப்பது நல்லதா?

நன்றாகவே இருக்கும். ஜெர்மனியின் பவேரியாவில் செபாஸ்டியன் நைப் (1821–1897) என்றொரு பாதிரியார் இருந்தார். தண்ணீரை வைத்தே வைத்தியம் பார்த்துப் பெயர் வாங்கியவர். மாற்றுப் பாதக் குளியல், காய்ந்த புல்பூக்களை ஊறவைத்த கால் குளியல் எல்லாம் அவர் பரப்பியவை. முறை எளிது. வெதுவெதுப்பான பேசினில் 5 நிமிடம், குளிர்ந்த பேசினில் 10 முதல் 20 நொடி. இதை இரண்டு தடவை செய்து, குளிரில் முடியுங்கள். முதல் தடவை அந்தக் குளிர் தூக்கிவாரிப்போடும், இரண்டாவது தடவை பழகிவிடும். இதய நோய் உள்ளவர்களும் குளிரில் விரல் வெளுத்து மரத்துப்போகிறவர்களும் இதைச் செய்ய வேண்டாம்.

கால் வீங்கியிருக்கிறது, அல்லது சுளுக்கிவிட்டது. வெந்நீர் வைக்கலாமா?

சுளுக்கிய முதல் இரண்டு, மூன்று நாள் வெந்நீர் கூடாது. வீக்கம் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டி, ஓய்வு, காலை உயர்த்தி வைத்தல், இவைதான் அப்போது. நின்று நின்று மாலையில் வரும் லேசான வீக்கத்துக்குச் சூடு குறைந்த தண்ணீர் நல்லது. நரம்புச் சுருட்டல் இருந்தாலும் அப்படியே.

கட்டைவிரல் மூட்டு திடீரென்று சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறதென்றால் அது கவுட் என்னும் கீல்வாதமாக இருக்கலாம். அங்கே வெந்நீர் எரிகிற நெருப்பில் எண்ணெய்தான்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் பேசினை எடுக்காதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். ஆழ்நாளத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். இரண்டு காலும் வீங்கி மூச்சும் வாங்கினால் அதுவும் உடனே பார்க்க வேண்டியதே.

கால் நாற்றத்துக்கும் சேற்றுப்புண்ணுக்கும் இது கேட்குமா?

நாற்றத்துக்குக் கேட்கும். வியர்வைக்குத் தனியாக நாற்றம் இல்லை. தோலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அதிலுள்ளவற்றைச் சிதைத்து ஐசோவேலரிக் அமிலம் போன்றவற்றை உண்டாக்குகின்றன. நாறும் சில பாலாடைக்கட்டிகளைப் பக்குவப்படுத்துகிறதும் இதே குடும்பத்துப் பாக்டீரியாதான் என்பதால், காலுறையைக் கழற்றும்போது வரும் அந்த வாடை தற்செயலானது இல்லை. தேயிலைத் தூள் நாலு தேக்கரண்டியை அரை லிட்டர் தண்ணீரில் 15 நிமிடம் கொதிக்க விட்டு, வடிகட்டி, 2 லிட்டர் தண்ணீரில் கலந்து 20 நிமிடம் காலை வையுங்கள். ஒரு வாரம் செய்தால் வித்தியாசம் தெரியும். நகம் லேசாகப் பழுப்பாகும், போய்விடும்.

சேற்றுப்புண் வேறு சங்கதி. அது பூஞ்சைத் தொற்று. ஒரு பங்கு வினிகருக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து வைத்தால் அரிப்பு கொஞ்சம் அடங்கலாம், பூஞ்சை போகாது. அதற்கு க்ளோட்ரிமசோல், டெர்பினாஃபின் போன்ற மருந்துக் கிரீம்கள் வேண்டும். அரிப்பு நின்றதும் நிறுத்தாமல், சொன்ன நாள்வரை தடவ வேண்டும். தோல் பிளந்திருந்தால் வினிகர் பக்கமே போகாதீர்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. ஜாக்கிரதையாகச் செய்தால் பரவாயில்லையா?

வேண்டாம். இந்தப் பக்கத்தில் நான் வளைந்து கொடுக்காத ஒரே பதில் இதுதான்.

சர்க்கரை நோய் நாளடைவில் பாதத்தின் நரம்புகளைப் பாதிக்கும். சுடுவது தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது, அதுதான் மோசம். ஊறவைப்பதால் தோல் பின்னால் வறண்டு வெடிக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி நுழையும், ரத்த ஓட்டம் குறைந்த காலில் புண் ஆறாது. அதனால்தான் மருத்துவர்கள் சர்க்கரை நோயாளிகளிடம் காலைத் தினமும் கழுவுங்கள், ஆனால் ஊறவைக்காதீர்கள் என்கிறார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் சட்டென்று கழுவி, இடுக்கெல்லாம் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்துத் தினமும் பார்ப்பதுதான் உங்களுக்கான பாதப் பராமரிப்பு. மரத்துப்போன கால், மதமதப்பு, காலுக்கு ரத்தம் போதாத நோய் உள்ளவர்களுக்கும் இதே பதில்தான்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், வயதானவர்கள்?

கர்ப்பிணிகள் வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் தாராளமாகக் கால் வைக்கலாம். எண்ணெய்த் துளிகள் வேண்டுமானால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு போடுங்கள். திடீரென்று முகமும் கையும் சேர்ந்து வீங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ வந்தால் காத்திருக்கவே கூடாது. குழந்தைகளுக்கு 36, 37 டிகிரிக்கு மேல் வேண்டாம், மெந்தால் எண்ணெயும் வேண்டாம். வயதானவர்களுக்கு மற்றவர் பார்த்து வைத்த சூடுதான் சரி. அவர்கள் எழுந்திருக்கும்போது பக்கத்தில் ஆள் இருக்கட்டும், சூட்டில் உட்கார்ந்து எழுந்தால் தலை சுற்றலாம். புண், தையல், தீக்காயம் உள்ள காலை யாராக இருந்தாலும் ஊறவைக்க வேண்டாம்.

பாதம் வழியாக நச்சை வெளியேற்றும் இயந்திரம் விற்கிறார்களே, தண்ணீர் பழுப்பாக மாறுவதைக் கண்ணாலேயே பார்த்தேனே?

பார்த்தது நிஜம், அது துரு. உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ந்தால் மின்முனையில் உள்ள இரும்பு அரிக்கப்பட்டுத் தண்ணீர் பழுப்பாகும். காலை வைக்காமலே இயந்திரத்தை ஓட்டிப் பாருங்கள், அதே நிறம் வரும். உடம்பின் கழிவைச் சுத்தம் பண்ண ஈரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. பாதத்துக்கு அந்த உத்தியோகம் கிடையாது.

படுக்கும் முன் செய்தால் தூக்கம் நன்றாக வருகிறதே, அதுவும் பிரமையா?

இல்லை. தூங்கப் போகும்போது உடம்பின் உள்சூடு கொஞ்சம் இறங்க வேண்டும். கை, கால் ரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே விட்டால்தான் அது இறங்கும். பாதம் வெதுவெதுப்பாக இருப்பவர்களுக்குச் சீக்கிரம் தூக்கம் பிடிக்கிறது என்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகர ஆய்வாளர்கள் 1999-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். படுக்க ஒரு மணி நேரத்துக்கு முன் செய்யுங்கள்.

காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதிகால் உயிர் போகிறது. இதற்கு எந்த மூலிகை?

எதுவும் இல்லை. அது பெரும்பாலும் உள்ளங்கால் தசைநார்ப் பட்டை அழற்சி. வெந்நீர் அந்த நேரத்துக்கு இதம் தரும், மறுநாள் காலை அதே வலி நிற்கும். கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டி இழுக்கும் பயிற்சிகள், குதிகாலுக்கு மெத்தையும் நடுவில் தாங்கலும் உள்ள காலணி, வீட்டுக்குள் வெறுங்காலோடு கெட்டித் தரையில் நடக்காமல் இருப்பது, இவைதான் மாற்றம் தரும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். வெந்நீரில் வைத்து எடுத்த இளக்கத்தோடு பயிற்சி செய்தால் இழுப்பது சுலபமாக இருக்கும், அந்த அளவுக்கு உதவி.

பேசினை எப்படிச் சுத்தமாக வைப்பது? நீர் சுழலும் இயந்திரம் வாங்கலாமா?

வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒருவர் காலை வைத்த தண்ணீரில் இன்னொருவர் வைக்கக் கூடாது. முடிந்ததும் சோப்புப் போட்டுத் தேய்த்து, கவிழ்த்து, முழுக்கக் காய விடுங்கள்.

நீர் சுழற்றும் இயந்திரம் சுகம்தான், ஆனால் அதன் குழாய்க்குள் தேங்குவது நம் கண்ணுக்குத் தெரியாது. 2000-ல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஓர் அழகு நிலையத்தின் சுழல் தொட்டிகளில் கால் வைத்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கெண்டைக்காலில் ஆறாத கொப்புளங்கள் வந்தன. காரணம் மைக்கோபாக்டீரியம் என்ற ஒருவகை பாக்டீரியா. தண்ணீரை உறிஞ்சும் வலைத்தட்டிக்குப் பின்னால் முடியும் தோல் துணுக்கும் சேர்ந்து கிடந்த இடத்தில் அது பெருகியிருந்தது. காலை மழித்துக்கொண்டு வந்தவர்களுக்குத்தான் அதிகம் தொற்றியது, மழிக்கும்போது விழும் கண்ணுக்குத் தெரியாத கீறல்களே வாசல். எனவே மழித்த அன்று ஊறவைக்க வேண்டாம். என்னைக் கேட்டால் குழாய், மோட்டார் எதுவும் இல்லாத வெறும் பேசினுக்கு ஈடில்லை.

கஷாயத்தை நிறையப் போட்டு எடுத்து வைக்கலாமா? மீந்த தண்ணீரை என்ன செய்வது?

வடிகட்டி, மூடி, குளிர்பெட்டியில் இரண்டு நாள் வைக்கலாம். மூன்றாவது நாள் மேலே படலம் கட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ கொட்டிவிடுங்கள். அவசரத்துக்கு வேண்டுமென்றால் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம். கால் எரிகிற நாளில் புதினாக் கட்டி நாலைப் பேசினில் போட்டால் குளிர்ச்சியும் கிடைக்கும், மெந்தாலும் கிடைக்கும்.

கால் வைத்த தண்ணீரில் உப்பு, எண்ணெய், வினிகர் இல்லையென்றால், ஆறிய பிறகு பூச்செடிக்கு ஊற்றலாம். கீரைப் பாத்திக்கு வேண்டாம். உப்புப் போட்டது சாக்கடைக்குத்தான். வடிகட்டிய இலைச் சக்கையைத் தொட்டியின் மண்ணில் புதைத்துவிடுங்கள், மேலே போட்டு வைத்தால் இரண்டே நாளில் கொசுறாகப் பழ ஈ மொய்க்கும்.